புதிய வேலை தவறான புரிதலால் பறிபோனால்...

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையில் அமைந்துள்ள ஜோகுபாளையத்தின் தெருக்களில் காலை ஒன்பது மணியளவில் நடந்து சென்றால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க விரைந்து செல்லும் இளைஞர்களையும் இளம்பெண்களையும் காணலாம். ஒரு சாரார் நூறடிச் சாலையிலுள்ள துணிக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் நடந்தே செல்கின்றனர். மற்றொரு சாரார் அல்சூர் மெட்ரோ நிலையத்தில் ஏறி ஒயிட்ஃபீல்டு வரை பயணம் செய்கின்றனர். இவர்களுள் பலருடைய வீட்டில் தமிழே பேச்சுமொழி. தாத்தாவோ தந்தையோ ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகளிலும், பழைய மதராஸ் சாலையில் இயங்கிவந்த என்.ஜி.இ.எஃப். நிறுவனத்திலும் பணியாற்றியவர்கள். என்.ஜி.இ.எஃப். 2002இல் மூடப்பட்டுவிட்டது. அந்த ஆலைகளில் ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமாயின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை, தொழிற்சங்கத்தின் தலையீடு எனப் பல படிகளைக் கடந்தாக வேண்டும். பேரப்பிள்ளைகள் சேரும் இன்றைய வேலைகளிலோ மாலை ஐந்து மணிக்கு ஒரு சந்தேகம் எழுந்தால், ஆறு மணிக்கு அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் பணிபுரியும் கிளை இந்தப் பகுதிக்கு அருகில் உள்ளது. சம்பளக் கணக்கு தொடங்க வருகிறவர்களை மகிழ்ச்சியோடு பார்க்கும் அதே மேசையில், ஓரிரு மாதங்களில் “சம்பளம் இனி வராது, தவணைக்கு என்ன செய்வது?” என்று கேட்டு வருகிறவர்களையும் பார்க்கிறோம். வேலைக்குத் தகுதி போதாமல் விலக்கப்பட்டவர்கள் அவர்களுள் உண்டு. ஆனால், யாரோ ஒருவர் எதையோ தவறாகப் புரிந்துகொண்டதால் வேலையிழந்தவர்களும் இருக்கிறார்கள். இக்கட்டுரை இரண்டாம் வகையினரைப் பற்றியது.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். வாடிக்கையாளரின் விவரங்களை வெளியிடுவது வங்கி மரபன்று. ஆகவே பெயரையும் கடையையும் தவிர்த்துவிடுகிறேன். ஜோகுபாளையத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் கடை ஒன்றில் காசாளராகச் சேர்ந்தார். பதினொன்றாம் நாள் இரவு கணக்கு முடிக்கும்போது ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. ரசீது இருந்தது; பொருள் வெளியே போயிருந்தது; பணம் மட்டும் கடையின் கணக்கில் வரவாகவில்லை. வாங்கியவர் யு.பி.ஐ. மூலம் செலுத்தியதாகவும், அவருடைய கைபேசித் திரையில் “பணம் செலுத்தப்பட்டது” என்ற செய்தியைத் தாம் கண்ணால் பார்த்ததாகவும் அந்தப் பெண் கூறினார். தெரிந்தவர்களுக்குப் பொருளைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கதை சொல்கிறார் என்று கடைக்காரர் முடிவு செய்தார். அன்று இரண்டாம் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை அப்பெண்ணுக்கு வேலை இல்லை. கடிதமும் இல்லை, கைபேசியில் ஒரு வரிச் செய்தி மட்டுமே வந்தது.

கடைகளில் வைத்துள்ள க்யூ.ஆர். அட்டைகள் பலவற்றில், வாடிக்கையாளர் செலுத்தும் பணம் நேரடியாகக் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் சேர்வதில்லை. இடையிலுள்ள பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்று அதைத் திரட்டி, பிறகு மொத்தமாக வரவு வைக்கிறது. விடுமுறை நாள் குறுக்கிட்டால் அந்த வரவு தள்ளிப்போகலாம். செலுத்தியவரின் கணக்கில் பற்று உடனே விழுந்துவிடும். இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இந்த இடைவெளியில்தான் அந்தப் பெண்ணின் வேலை போயிற்று. பணம் செலுத்தியவர் அப்பகுதியில் வழக்கமாக வருகிறவர். அவரைத் தேடிப் பிடித்து, பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பெற்றார் அப்பெண்ணின் தந்தை. கடைக்காரர் அந்த எண்ணைத் தம்முடைய கணக்கில் தேடிப் பார்த்தபோது, செவ்வாய்க்கிழமை வரவான மொத்தத் தொகைக்குள் அது இருந்தது. பதினொரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார். வருத்தமும் தெரிவித்தார். வேலையை மட்டும் திருப்பித் தரவில்லை. அதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

இயந்திரம் காட்டும் கணக்கை வேதவாக்காகக் கொண்டு மனிதரைச் சந்தேகிப்பது சிறு கடைக்காரரின் குறை மட்டுமன்று. பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணினி அமைப்பைத் தன் கிளைகளில் நிறுவியது. அது பல கிளைகளில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளைகளை நடத்திவந்தவர்கள் திருடியதாகவும் பொய்க் கணக்கு எழுதியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டனர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். ஆலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் ஐந்நூற்றுக்கும் அதிகமானோர் தொடுத்த வழக்கில், அந்த அமைப்பில் பிழைகள் இருந்தன என்று 2019இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளைக் கூட்டாக நீக்க 2024இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வங்கியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கை நேர் செய்து பழகியவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பூட்டுவது பிழை நேர்ந்தது அன்று. பற்றாக்குறை தெரிந்தவுடன் முதலில் தேட வேண்டியது பணத்தை. அங்கே முதலில் தேடப்பட்டது ஆளை.

இருபத்திரண்டு நிமிடத் தாமதம்

புதிதாகச் சேர்ந்தவரை ஒரு சந்தேகத்தின் பேரில் அனுப்பிவிடலாமா என்ற வினாவுக்கு நம் நாட்டில் மிகத் தெளிவான விடையளித்த வழக்குகளுள் ஒன்று, ஒரு மழைநாளில் தொடங்கியது.

1981ஆம் ஆண்டு ஜூன் 22. ஐதராபாத்திலுள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் அகாதமியில், இந்தியக் காவல் பணிக்குத் தேர்வான இளம் அதிகாரிகள் பயிற்சியில் இருந்தனர். அதிகாலையில் மழை பெய்தது. உடற்பயிற்சி நடைபெறும் இடம் பற்றி அவர்களுக்குத் தகவல் அனுப்பப்பட்டிருந்தது. ஆயினும் அவர்கள் ஏறத்தாழ 22 நிமிடம் தாமதமாகவே அங்கு வந்து சேர்ந்தனர். இதனை ஒழுங்கீனமாகக் கருதிய அகாதமி அனைவரிடமும் விளக்கம் கேட்டது. பிறரைத் தாமதிக்கத் தூண்டிய முன்னணியினருள் ஒருவர் என அனூப் ஜெய்ஸ்வால் என்ற அதிகாரி கருதப்பட்டார். ஜூலை 30ஆம் தேதி அவர் எழுத்து மூலம் பதிலளித்தார். தாமதத்திற்கு வருத்தம் தெரிவித்த அவர், பிறரைத் தூண்டியதாகச் சொல்லப்பட்டதை உறுதியாக மறுத்தார்.

விசாரணை எதுவும் நடைபெறவில்லை. அகாதமியின் இயக்குநர் அவரைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு பரிந்துரைத்தார். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையில் மழையும் இல்லை, தாமதமும் இல்லை, தூண்டுதலும் இல்லை. தகுதிகாண் பருவத்தில் உள்ளவரை விடுவிக்க விதிகள் அளிக்கும் அதிகாரத்தின்படி அவர் விடுவிக்கப்படுகிறார் என்ற அளவில் அது நின்றது. பார்ப்பதற்குச் சாதுவான ஆணை. டெல்லி உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

1984ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதனை எழுதியவர் நீதிபதி ஈ.எஸ். வெங்கடராமையா. மாண்டியா மாவட்டத்தில் பிறந்து, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பின்னர் 1989இல் ஆறு மாத காலம் இந்தியத் தலைமை நீதிபதியாகவும் விளங்கிய அதே கன்னடத்துக்காரர். ஆணையின் வாசகம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கி உள்ளே பார்க்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். உள்ளே பார்த்தபோது தெரிந்தது என்ன? ஜூன் 22ஆம் தேதி நிகழ்வு இல்லையென்றால் இந்த ஆணையே இல்லை. அப்படியானால் இது தகுதியின்மைக்காகச் செய்யப்பட்ட விடுவிப்பு அன்று. ஒரு குற்றச்சாட்டுக்காக விதிக்கப்பட்ட தண்டனை. தண்டனையாயின், குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளித்த பின்னரே விதிக்கப்பட வேண்டும். ஆணை ரத்தாயிற்று. அந்த ஆணையே பிறப்பிக்கப்படாதது போலக் கருதி, பணிமூப்புக் குறையாமல், நிலுவைச் சம்பளத்துடன் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவாயிற்று.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இராது. அதே அனூப் ஜெய்ஸ்வால்தான் தமிழ்நாடு காவல்துறையில் நெடுங்காலம் பணியாற்றி, காவல்துறைத் தலைமை இயக்குநர் நிலையில் ஓய்வு பெற்றார். வேலையின் தொடக்கத்திலேயே “ஒழுங்கற்றவர்” என்று வெளியேற்றப்பட்ட ஒருவர் எட்டிய உயரம் அது.

இவ்வழக்கில் நான் வாசகர்களின் கவனத்தை ஈர்க்க விரும்புவது ஜூலை 30ஆம் தேதிக் கடிதம். செய்ததை ஒப்புக்கொண்டு, செய்யாததை மறுத்து, தேதியிட்டு எழுதிய கடிதம் அது. “அனைத்தும் பொய்” என்று மறுத்திருந்தால் தாமதம் என்ற மெய்யான நிகழ்வு அவருக்கு எதிராக நின்றிருக்கும். “மன்னித்துவிடுங்கள்” என்று மட்டும் எழுதியிருந்தால் தூண்டியதையும் ஒப்புக்கொண்டதாகப் பொருள் கொண்டிருப்பார்கள். சந்தேகத்திற்கு உள்ளாகும் புதிய ஊழியர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றையே செய்கின்றனர். அல்லது அழுதுவிட்டு எதையும் எழுதாமல் வந்துவிடுகின்றனர்.

இதற்கு முன்பே, 1974இல், பஞ்சாபைச் சேர்ந்த சம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இதே போக்கில் தீர்ப்பளித்திருந்தது. அங்கும் பாதிக்கப்பட்டவர்கள் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களே, அதுவும் கீழமை நீதித்துறை அலுவலர்கள். இவ்வழக்குகளிலெல்லாம் நீதிமன்றங்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கின்றன. “இவருடைய வேலை எங்களுக்கு நிறைவளிக்கவில்லை” என்று ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டு அனுப்புவது முதலாளியின் உரிமை. பின்னணியில் ஏதோ ஒரு மனக்குறை இருந்தாலும் அது செல்லும். “இவர் இதைச் செய்தார்” என்ற முடிவே ஆணைக்கு அடித்தளமாக இருந்தால், விசாரணையின்றி அது செல்லாது. கோடு மெல்லியது. நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பான வழக்குகளும் ஏராளம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடைக்கும் அலுவலகத்துக்கும் உள்ள சட்டம்

மேற்கண்டவை அரசுப் பணி சார்ந்தவை. அரசமைப்புச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு நூறடிச் சாலைத் துணிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு நேரடியாகக் கிடைக்காது. தனியார் துறையில் வேறு சட்டங்கள் உள்ளன. அவை வலுவற்றவை என்று பலர் எண்ணுகின்றனர். முழுதும் அப்படியன்று.

கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. அதன் 39ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்க இயலாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ கொடுக்க வேண்டும். தவறான நடத்தை என்று குற்றஞ்சாட்டி முன்னறிவிப்பின்றி நீக்குவதானால், விசாரணை நடத்திச் சான்றுகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாதவருக்கு இந்தப் பிரிவு உதவாது. புதிய வேலையை இழப்பவரின் இக்கட்டு இங்குதான் உள்ளது.

அவருக்கு எஞ்சுவது என்ன? முதலாவது, சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஊதியத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டவராயினும் தாமே விலகியவராயினும் அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பதினொரு நாள் வேலை பார்த்திருந்தாலும் பதினொரு நாள் ஊதியம் அவருடையதே. “கல்லாவில் குறைந்ததைப் பிடித்துக்கொண்டோம்” என்று சொல்வதற்கும் வரம்பு உண்டு. ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை மட்டுமே, அந்த இழப்பின் அளவுக்கு மிகாமல் பிடிக்கலாம். அதற்கு முன் காரணம் சொல்ல அவருக்கு வாய்ப்பளித்திருக்க வேண்டும். 1936ஆம் ஆண்டின் பழைய ஊதியச் சட்டத்திலேயே இருந்த விதி இது. தொண்ணூறு ஆண்டுப் பழைமையான இந்த விதியை அறிந்த கடைக்காரர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

இரண்டாவது, தொழிற்தகராறு எழுப்பும் உரிமை. மேலாளர் நிலையில் அல்லாத தொழிலாளர் ஒருவர், சங்கத்தின் துணையின்றித் தாமே, தம்முடைய பணிநீக்கம் குறித்துச் சமரச அலுவலரிடம் முறையிடலாம். பெங்களூரில் இதற்கான தொழிலாளர் துறை அலுவலகங்கள் பன்னேர்கட்டா சாலை டெய்ரி சர்க்கிளை அடுத்துள்ள கார்மிக பவனில் இயங்குகின்றன. 45 நாட்களில் சமரசம் ஏற்படாவிடில் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகலாம். முன்பு இதற்கு மூன்று ஆண்டுக் கால வரம்பு இருந்தது. புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் அது இரண்டு ஆண்டாகக் குறைந்துள்ளது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இவற்றையெல்லாம் பயன்படுத்திக்கொள்ள இயலாமல் செய்யும் தாள் ஒன்று உண்டு. அது ராஜினாமாக் கடிதம். “போலீசுக்குப் போகமாட்டோம், நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்று சொல்லி வாங்கப்படும் கடிதம். அதில் கையெழுத்திட்ட மறுகணம், சட்டத்தின் பார்வையில் நீக்கம் என்ற ஒன்றே நிகழவில்லை. தாமே விலகினார் என்றாகிறது. வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதை மெய்ப்பிக்கும் சுமை ஊழியரின் தலையில் விழுகிறது. அச்சத்தால் கையெழுத்திட நேர்ந்திருந்தால், அன்றே மின்னஞ்சல் மூலமாகவோ பதிவு அஞ்சல் மூலமாகவோ நடந்ததை எழுதி அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் கடந்து எழுதும் கடிதத்துக்கும் அன்றிரவே எழுதும் கடிதத்துக்கும் மதிப்பில் பெரும் வேறுபாடு உண்டு.

அக்கடிதத்தில் மேலும் ஒன்றைக் கேட்கலாம். கடையிலோ அலுவலகத்திலோ கண்காணிப்புக் கேமரா இருப்பின், குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட நேரப் பதிவை அழிக்காமல் வைத்திருக்குமாறு கோரலாம். பெரும்பாலான கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாகவே எழுதப்பட்டுவிடும். உண்மை தெரிந்திருந்தும் காட்ட வழியில்லாமல் போவது இதனால்தான்.

பெயரிலும் வரலாம் குழப்பம்

வேலையில் சேர்ந்த பின் நடத்தப்படும் பின்னணிச் சரிபார்ப்பிலும் தவறான புரிதல்கள் நேர்கின்றன. இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அது நம் தலைப்பெழுத்து.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே உண்டு. பெங்களூரில் உள்ள நிறுவனங்களின் படிவங்களோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பான் அட்டையில் தந்தையின் பெயர் முன்னால் போயிருக்கும். வங்கிக் கணக்கில் வேறொரு வடிவம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் முந்தைய நிறுவனத்தின் எழுத்தர் தட்டச்சு செய்த வடிவம். ஒரே மனிதர் ஐந்து பேராகிவிடுகிறார். டெல்லியிலோ மும்பையிலோ உட்கார்ந்து சரிபார்க்கும் முகமை ஊழியருக்கு இந்த மரபு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. “பெயர் பொருந்தவில்லை” என்று குறித்துவிடுகிறார். அக்குறிப்பைப் படிக்கும் மனிதவளப் பிரிவோ, ஆவணத்தில் ஏதோ மோசடி என்று பொருள் கொள்கிறது. பிறந்தபோது பாட்டி ஆசையாக வைத்த பெயரும் பள்ளியில் ஆசிரியர் எழுதிய பெயரும் வேறாக இருப்பின் நிலைமை இன்னும் மோசம்.

வேலை தேடத் தொடங்கும் முன்பே இதைச் சீர்செய்துவிடலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொண்டு ஆதார், பான், வங்கிக் கணக்கு, வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றை ஒரே வடிவத்திற்குக் கொண்டுவருவது நல்லது. அதுவரை, இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன்னிலையில் எழுதி வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம்.

கடன் வரலாறும் இப்போது வேலையைத் தீர்மானிக்கத் தொடங்கியிருக்கிறது. பொதுத்துறை வங்கி ஒன்றின் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய சிபில் அறிக்கை பாதகமாக இருந்ததால் ரத்து செய்யப்பட்டது. அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. பொதுப்பணத்தைக் கையாளும் பணிக்கு நிதி ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் அறிக்கையே தவறாக இருந்தால்? முழுதும் அடைத்த கடன் நிலுவை எனக் காட்டப்படுவதும், அதே பெயருள்ள வேறொருவரின் கடன் நம் அறிக்கையில் ஏறிவிடுவதும் நடக்கவே செய்கின்றன. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்டினால் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இழப்பீட்டு விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நேர்முகத் தேர்வுக்குச் சட்டையை இஸ்திரி போடும் அக்கறையில் ஒரு பங்கை இந்த அறிக்கையைப் பார்ப்பதற்கும் ஒதுக்கலாம்.

சம்பளம் நின்ற பிறகு

இனி எங்கள் துறைக்கு வருகிறேன். வேலை நியாயமாகப் போயிருந்தாலும் அநியாயமாகப் போயிருந்தாலும், மாதத் தவணை அதைக் கேட்பதில்லை. குறித்த தேதியில் கணக்கைத் தட்டிவிடும்.

புதிய வேலை கிடைத்த மகிழ்ச்சியில், முதல் சம்பளச் சீட்டு வந்தவுடனேயே இருசக்கர வாகனக் கடனோ கைபேசித் தவணையோ எடுப்பவர்கள் பலர். கடன் கொடுப்பது எங்கள் தொழில், ஆயினும் சொல்கிறேன். பணி நிரந்தரம் செய்யப்பட்ட கடிதம் கைக்கு வரும்வரை பெரிய தவணை எதையும் ஏற்காதிருப்பது நல்லது. ஏற்கெனவே எடுத்திருந்தால், வேலை போன வாரத்திலேயே கிளைக்கு வந்து சொல்லிவிடுங்கள். தவணை ஒரு நாள் தவறினாலும் கணக்கு கண்காணிப்புப் பட்டியலில் சேரும். முப்பது நாள், அறுபது நாள் என்று அதன் படிநிலை மாறும். தொண்ணூறு நாளைக் கடந்தால் வாராக்கடன் என்று வகைப்படுத்தியாக வேண்டும். அது விதி, கிளை மேலாளர் நினைத்தாலும் மாற்ற இயலாது. அந்த எல்லைக்கு முன்பு வருகிறவருக்குத் தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைப்பது போன்ற வழிகளை ஆராய இடமிருக்கிறது. கடந்த பின்பு வருகிறவருக்கு அந்த இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது. பலர் வெட்கத்தால் வருவதில்லை. திருட்டுப் பழி சுமந்து வந்தவர்களோ கிளைக்குள் நுழையவே கூசுகிறார்கள். நீங்கள் ஏன் வேலையை இழந்தீர்கள் என்பதை விளக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சம்பளம் நின்றுவிட்டது என்ற ஒன்றைச் சொன்னால் போதும்.

தானியங்கிப் பற்று ஆணைகளையும் கவனிக்க வேண்டும். கணக்கில் பணமில்லாமல் ஆணை திரும்பினால் எங்கள் கட்டணம் ஒருபுறம், கடன் கொடுத்தவரின் கட்டணம் மறுபுறம் என்று இரட்டைச் செலவு. சம்பளக் கணக்கிலும் ஒரு மாற்றம் வரும். தொடர்ந்து சில மாதங்கள் சம்பளம் வரவாகாவிட்டால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிடும். அந்தக் கணக்குக்குரிய குறைந்தபட்ச இருப்பும் கட்டணங்களும் பொருந்தத் தொடங்கும். சம்பளக் கணக்கோடு வந்த விபத்துக் காப்பீடு போன்ற சலுகைகள் தொடருமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வருங்கால வைப்பு நிதியைப் பொறுத்தவரை, சில வாரங்களே வேலை பார்த்திருந்தாலும் அந்த நாட்களுக்குரிய தொகை உங்கள் யு.ஏ.என். கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். கைபேசியிலேயே பார்க்கலாம். நிறுவனம் விலகிய தேதியையும் காரணத்தையும் அதில் பதிவு செய்யும். அந்தப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்; அடுத்த நிறுவனம் அதைத்தான் முதலில் பார்க்கப்போகிறது.

கடையில் யு.பி.ஐ. கணக்கு குறைந்து சந்தேகத்திற்கு உள்ளாகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பணம் செலுத்தியவரின் கணக்கில் பற்றாகி, கடைக்கு உறுதிச் செய்தி வராத பரிவர்த்தனைகளை ஐந்து நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்துள்ளது. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே ஒரு தொகை “காணாமல்” போனால் அது வரவாகவோ திரும்பவோ சில நாட்கள் ஆகலாம் என்பதைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. பிறருடைய கணக்கு விவரங்களை நாங்கள் உங்களுக்குக் காட்ட இயலாது. கடைக்காரர் தம் கணக்கின் வரவு விவரத்தோடும் பரிவர்த்தனை எண்ணோடும் வந்தால், அந்தத் தொகை எங்கே நிற்கிறது என்பதைத் தேடிச் சொல்வோம். நாங்கள் கேட்பது அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணையும், தேதியையும், தொகையையும் மட்டுமே.